ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு பகுபத உறுப்பிலக்கணம்: லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடிப்பது எப்படி?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையோ, தெருமுனை நர்சிங் ஹோமோ, எங்கே பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தாலும் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி தருவார்கள். அதில் 'லேப்பரோஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி' என்று எழுதியிருக்கும். படுத்து எழுந்தவருக்கும் புரியாது, பில் கட்டிவிட்டு வந்து நிற்கும் மகனுக்கும் புரியாது. ஆனால் அக்கம்பக்கத்தில் "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டால், "பித்தப்பையை எடுத்துட்டாங்க" என்று அவரே பளிச்சென்று சொல்வார்.

அவர் சொன்ன அந்தப் பதில்தான் அந்த நீளமான சொல்லின் துல்லியமான மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம். 'கிஸ்டிஸ்' என்றால் பை. 'எக்' என்றால் வெளியே, 'டொமே' என்றால் வெட்டு. பித்தம், பை, வெட்டி எடுத்தல். முன்னால் நிற்கும் சொல்லில் 'லப்பாரா' என்பது விலாவுக்குக் கீழே உள்ள மெத்தென்ற வயிற்றுப் பகுதி, 'ஸ்கோப்' என்பது பார்ப்பது. வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, கேமரா வழியே பார்த்துக்கொண்டே செய்த அறுவை சிகிச்சை என்று அர்த்தம்.

மருத்துவம், சட்டம், அறிவியல் என்று எந்தத் துறையிலும் ஆங்கிலத்தின் பெரிய சொற்கள் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்து ஆனவை. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன, எப்படி ஒட்டுகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஆங்கிலத்துக்குள் லத்தீனும் கிரேக்கமும் ஏன் வந்தன?

ஆங்கிலம் பிறப்பால் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. ஹேண்ட், ஃபுட், வாட்டர், ஹவுஸ், ஹார்ட் போன்ற அன்றாடச் சொற்கள் அதன் சொந்தச் சொத்து. மேலே ஏறிய அடுக்கு வெவ்வேறு காலத்தில் வந்தது.

1. கி.பி. 597-ல் ரோமிலிருந்து கிறித்தவ மதபோதகர்கள் இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்கு வந்தார்கள். அவர்களோடு தேவாலயம், கல்வி சார்ந்த லத்தீன் சொற்களும் வந்தன.
2. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அரசவை, நீதிமன்றம், வரி எல்லாம் பிரெஞ்சுமயமாயின. பிரெஞ்சு என்பது லத்தீனின் பிள்ளை. ஜட்ஜ், கோர்ட், ஜஸ்டிஸ் எல்லாம் இந்த வழியில் வந்தவை.
3. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிஞர்கள் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மீண்டும் படிக்கத் தொடங்கினார்கள். புதிய கருத்துக்குச் சொல் வேண்டும் என்றால் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்.
4. அதன் பிறகு அறிவியல். இந்தக் காலத்தில் பழைய சொல்லை அப்படியே எடுப்பதைவிட, பழைய துண்டுகளை ஒட்டிப் புதுச் சொல் செய்வதே வழக்கமானது. 'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லை 1839-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். ஒளி, எழுத்து என்ற இரண்டு கிரேக்கத் துண்டுகள். நவம்பர், டிசம்பரில் நம்மைப் படுத்தும் 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்ததே நம் வங்கக் கடற்கரையில்தான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், சுற்றிக்கொள்ளும் பாம்பை நினைவுபடுத்தும் கிரேக்கச் சொல்லை எடுத்து, 1840-களில் அதை உருவாக்கினார். சைக்கிளும் சைக்ளோனும் ஒரே வட்டத்திலிருந்து வந்தவை.

இப்போது ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் லத்தீன், பிரெஞ்சு, கிரேக்க மூலம் கொண்டவை என்பது பொதுவான கணக்கு.

தமிழருக்கு இது புது நிலைமை இல்லை. பேசும்போது 'வீடு'. பெயர்ப்பலகையில் 'இல்லம்'. பத்திரிகை அடிக்கும்போது 'கிருஹப் பிரவேசம்'. ஒரே கட்டடம், சொல் மட்டும் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி மாறுகிறது. ஆங்கிலத்திலும் குடியிருப்பது 'ஹவுஸ்', ஆனால் கேஸ் சிலிண்டர் 'டொமஸ்டிக்', மீனம்பாக்கத்தில் உள்நாட்டு விமானம் ஏறும் இடம் 'டொமஸ்டிக் டெர்மினல்'. லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. 'கோலிசிஸ்டெக்டமி' என்ற சொல் லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் அன்னியச் சொல்தான். அவரும் கற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில் தமிழ்வழியில் படித்த மாணவருக்குத் தனியாக ஒரு குறையும் இல்லை.

## பகுதி, விகுதி, சாரியை

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ எல்லோரும் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்போம். செய்தான் = செய் + த் + ஆன். நன்னூல் சொல்லும் உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்காகக் கற்ற அந்த முறை ஆங்கிலத்தின் பெரிய சொற்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

பகுதி என்பது வேர். கார்டி என்றால் இதயம், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், கேஸ்ட்ர் என்றால் வயிறு.

விகுதி சொல் எந்த வகை என்று சொல்லும். 'லஜி' வந்தால் அதைப் பற்றிய படிப்பு. 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து வலிப்பது. 'ஈமியா' வந்தால் ரத்தத்தில் ஏதோ நிலைமை. 'ஆல்ஜியா' வந்தால் வலி.

சாரியைதான் இதில் மிக அழகான பொருத்தம். புளி + காய் சேரும்போது நாம் 'புளிகாய்' என்று சொல்வதில்லை. நடுவே 'அம்' வந்து 'புளியங்காய்' ஆகிறது. அந்த 'அம்'முக்குத் தனியாகப் பொருள் இல்லை, சொல் சறுக்காமல் ஒட்ட உதவுகிறது. கிரேக்கத் துண்டுகளுக்கு நடுவே அந்த வேலையைச் செய்வது 'ஓ': கார்டி-ஓ-லஜி, கேஸ்ட்ர்-ஓ-ஸ்கோபி, தெர்ம்-ஓ-மீட்டர். அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த 'ஓ' பெரும்பாலும் விலகிவிடும். அதனால்தான் கேஸ்ட்ரோஸ்கோபி, ஆனால் கேஸ்ட்ரைட்டிஸ். லத்தீனில் இதே வேலையைச் செய்வது 'இ': பெஸ்ட்-இ-சைடு, ஹெர்ப்-இ-சைடு, அக்ர்-இ-கல்ச்சர். சொல்லின் நடுவில் 'ஓ' இருக்கிறதா 'இ' இருக்கிறதா என்று பார்த்தாலே அது கிரேக்கமா லத்தீனா என்று பல நேரம் ஊகித்துவிடலாம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தமிழ் எல்லாவற்றையும் சொல்லின் பின்னால் ஒட்டும் மொழி. லத்தீனும் கிரேக்கமும் முன்னாலும் ஒட்டும். நமக்கு முன்னொட்டு பழக்கமானது வடமொழி வழியாகத்தான்: நீதி, அநீதி, அர்த்தம், அனர்த்தம். மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. கிரேக்கத்திலும் எழுத்துப் பிசகாமல் இதே விதி. சிம்ப்டம் இல்லாவிட்டால் 'அசிம்ப்டமேட்டிக்'. 'ஈமியா'வுக்கு முன் வந்தால் 'அன்' ஆகி 'அனீமியா', ரத்தக் குறைவு. கொரோனா காலத்தில் நாள்தோறும் கேட்ட 'அசிம்ப்டமேட்டிக்'கில் இருப்பதும் 'அநீதி'யில் இருப்பதும் ஒரே 'அ'. சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது.

விகுதி பற்றிப் பேசும்போது ஆம்னி பஸ்ஸைச் சொல்லாமல் போக முடியாது. கிளாம்பாக்கத்திலிருந்து ராத்திரி புறப்படும் அந்த வண்டியின் பெயர் லத்தீனில் 'ஓம்னிபுஸ்'. 'ஓம்னி' என்றால் எல்லாம். 'புஸ்' நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. மொத்தமாக 'எல்லோருக்கும்' என்று பொருள். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறலாம் என்பதால் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வண்டிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு வாயில் சுருங்கிச் சுருங்கி, 'எல்லோர்' உதிர்ந்து, 'உக்கும்' மட்டும் மிஞ்சியது. உலகம் முழுக்க இன்று 'பஸ்' என்று ஏறுவது ஒரு வேற்றுமை உருபில்.

## சந்தி: முன்னொட்டு முகம் மாறும் விதம்

மரம் + கள் = மரங்கள். 'ம்' ஏன் 'ங்' ஆனது? அடுத்து வரும் 'க'வுக்கு வாய் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. லத்தீன் பேசியவர்களுக்கும் இதே வாய்தான். இல்லை என்று பொருள்படும் 'இன்' என்ற முன்னொட்டு, 'ப'வுக்கு முன் 'இம்' ஆகும்: இம்பாசிபிள். 'ல'வுக்கு முன் 'இல்': இல்லீகல். 'ர'வுக்கு முன் 'இர்': இர்ரெகுலர். நாலு முன்னொட்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒன்றுதான்.

இதேபோல் 'கூட' அல்லது 'ஒன்றாக' என்ற பொருள் தரும் 'கான்', இடத்துக்கு ஏற்ப 'காம்', 'கொல்', 'கொர்' என்று மாறும். கீழே என்று பொருள்படும் 'சப்', சப்போர்ட்டில் 'ப'வோடு கலந்துவிடும், சஃபிக்ஸில் 'ஃப'வோடு. கிரேக்கத்தில் 'உடன்' என்பது 'சின்'. அது சிம்பதியில் 'சிம்' ஆகிறது, சிலபிளில் 'சில்' ஆகிறது. ஆங்கிலத்தில் பல சொற்களின் தொடக்கத்தில் ஒரே மெய்யெழுத்து இரண்டு முறை வருவதற்கு இதுதான் காரணம். ஸ்பெல்லிங்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் பாதித் தடுமாற்றம் தீரும்.

## ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் ஏன்?

சிறுநீரகப் பிரச்சினை என்று போனால் டாக்டர் 'நெஃப்ராலஜிஸ்ட்'. அவர் எழுதிக்கொடுக்கும் டெஸ்ட் 'ரீனல் ஃபங்ஷன் டெஸ்ட்'. இரண்டும் ஒன்றா, வேறா என்று குழம்பாதவர்கள் குறைவு. நெஃப்ரோஸ் கிரேக்கம், ரென் லத்தீன், இரண்டுக்கும் பொருள் சிறுநீரகம்.

உறுப்பின் இடம், அமைப்பு, அதைச் சார்ந்த பரிசோதனை பற்றிப் பேசும்போது பெரும்பாலும் லத்தீன் வரும். துறை, நோய், அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் கிரேக்கம். அடிக்கடி கண்ணில் படும் ஜோடிகள் இவை:

- நுரையீரல்: பல்மனரி (லத்தீன்), நிமோனியா (கிரேக்கம்)
- மூளை: செரிப்ரல், என்செஃபலைட்டிஸ்
- தோல்: சப்கியூட்டேனியஸ், டெர்மட்டாலஜி
- கண்: ஆக்குலர், ஆப்தல்மாலஜி
- மூக்கு: நேசல், ரைனைட்டிஸ்
- பல்: டென்டல், ஆர்த்தோடான்டிக்ஸ்

ரைனைட்டிஸ் என்று மூக்கடைப்புக்கு எழுதும் 'ரைனோ'வும் காண்டாமிருகத்தின் 'ரைனோ'வும் ஒன்றுதான். ரைனோசெரஸ் என்றால் மூக்கில் கொம்பு.

## தமிழ்ப் பாடநூலே சாவி

2020-ல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அதன் வழியே சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற 1835-லிருந்து நடக்கும் கல்லூரிகளுக்குள் தமிழ்வழி மாணவர்கள் நுழைகிறார்கள். முதலாண்டு அனாட்டமி புத்தகத்தைத் திறந்ததும் பயம் வருகிறது. அந்தப் பயத்தைப் பார்த்து, "இவர்களுக்கு ஆங்கிலம் வராது" என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவு தவறு. ஏன் என்றால், அந்த மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் அறிவியல் பாடநூலில் லத்தீன், கிரேக்க வேர்கள் துண்டு துண்டாக மொழிபெயர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

விலங்கியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கணுக்காலி. ஆங்கிலத்தில் ஆர்த்ரோபாட். ஆர்த்ரோன் = மூட்டு, கணு. பாட் = கால். கணு + கால் + இ. இப்போது 'ஆர்த்ரைட்டிஸ்' தானாக விளங்கும்: கணுவில் அழற்சி, மூட்டுவாதம்.
2. வயிற்றுக்காலி. நத்தை இனம், கேஸ்ட்ரோபாட். கேஸ்ட்ர் = வயிறு. இதைத் தெரிந்தவருக்கு கேஸ்ட்ரைட்டிஸ் வந்துவிட்டது.
3. தலைக்காலி. கணவாய் மீன் இனம், செஃபலோபாட். செஃபல் = தலை. தலைக்கு உள்ளே இருப்பது என்செஃபலான், அதாவது மூளை. அங்கே அழற்சி வந்தால் என்செஃபலைட்டிஸ், நாம் மூளைக்காய்ச்சல் என்பது.
4. முட்தோலி. எக்கினோடெர்ம். டெர்மா = தோல். தோல் மருத்துவர் டெர்மட்டாலஜிஸ்ட். தோலுக்கு அடியில் குத்தும் ஊசி ஹைப்போடெர்மிக்.
5. இருவாழ்வி. ஆம்ஃபிபியன். ஆம்ஃபி = இருபுறமும், பயோஸ் = வாழ்வு. தண்ணீரிலும் தரையிலும் வாழும் தவளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.
6. ஊர்வன. ரெப்டைல். லத்தீனில் ஊர்ந்து செல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது.

விலங்கியலைத் தாண்டியும் இப்படியே. வெப்பமானி: தெர்மோ வெப்பம், மீட்டர் மானி. நுண்ணோக்கி: மைக்ரோ நுண், ஸ்கோப் நோக்கி. தொலைக்காட்சி: டெலி தொலை, விஷன் காட்சி. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றிலும் வரும் 'கொல்லி'தான் பெஸ்டிசைடு, ஹெர்பிசைடு, ஃபங்கிசைடு மூன்றிலும் வரும் 'சைடு'. அது தெரிந்தால் 'சூசைடு', 'ஹோமிசைடு' இரண்டையும் யாரும் விளக்க வேண்டாம். ஒளிச்சேர்க்கை: ஃபோட்டோ ஒளி, சின்தசிஸ் சேர்க்கை. உயிரியல், உளவியல், சமூகவியல் எல்லாவற்றிலும் 'இயல்' என்றால் 'லஜி'.

இது தற்செயலாக அமைந்தது கிடையாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அவருக்குப் பின் எத்தனையோ ஆசிரியர்கள், கலைச்சொல் குழுக்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்தார்கள். 'கணுக்காலி' என்ற சொல்லைக் கண்டால் மரியாதை வர வேண்டும். அதற்குள் ஒரு முழு ஆராய்ச்சி இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அவர்கள் வந்த வழியில் திரும்பி நடப்பது. தமிழ்ச் சொல்லைப் பிரித்து, ஆங்கிலச் சொல்லைப் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

எல்லாச் சொல்லும் இப்படி இறங்காது. 'மெட்ரோபாலிட்டன்' என்பதற்கு நாம் 'பெருநகர' என்கிறோம். மூலத்தில் 'பெரு' இல்லை. கிரேக்கத்தில் மெட்ரோபாலிஸ் என்றால் தாய்நகர். மற்ற குடியேற்றங்களுக்குத் தாயாக இருந்த ஊர். 1863-ல் லண்டனில் ஓடத் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே வழியாகவும், பிறகு பாரிஸ் வழியாகவும் 'மெட்ரோ' சுருக்கப்பெயர் ஆனது. 2015-லிருந்து சென்னையில் ஓடும் மெட்ரோ ரயிலில் எஞ்சியிருப்பது 'தாய்' மட்டும்.

## வெட்டு என்ற ஒரே வேர்

ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 'டொம்' நல்ல உதாரணம். பொருள், வெட்டு.

வெட்ட முடியாதது 'அடோம்', அதுதான் ஆட்டம், அணு. வெட்டிப் பிரித்துப் பார்ப்பது அனாட்டமி. தமிழில் உடற்கூறு, கூறு போடுவது என்று நாமும் அதே பொருளில்தான் சொல்கிறோம். சி.டி. ஸ்கேனில் உள்ள 'டி' டோமோகிராஃபி. கத்தி படாமல் உடம்பைத் துண்டு துண்டாக, ரொட்டி ஸ்லைஸ் போலப் படமாக்குவது.

அறுவை சிகிச்சையில் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் மூன்று விகுதிகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. 'டமி' என்றால் வெட்டித் திறப்பது. 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுவது. 'ஆஸ்டமி' என்றால் வாய் வைப்பது, நிலையான ஒரு திறப்பு உண்டாக்குவது. இதில் இருப்பது 'டொம்' இல்லை, 'ஸ்டோமா', வாய். கொலோட்டமி, கொலெக்டமி, கொலோஸ்டமி என்று மூன்றும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் முதலாவதில் பெருங்குடலைத் திறந்து மூடுகிறார்கள், இரண்டாவதில் அதை எடுக்கிறார்கள், மூன்றாவதில் வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டுகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம்.

பூச்சியையும் விடவில்லை இந்த வேர். பூச்சியின் உடல் நடுநடுவே வெட்டுப்பட்டதுபோல் இருப்பதால் கிரேக்கர்கள் அதை 'என்டோமான்', உள்வெட்டு என்றார்கள். பூச்சியியல் என்டமாலஜி ஆனது அப்படி. லத்தீன்காரர்கள் அதைத் துண்டுக்குத் துண்டு மொழிபெயர்த்து 'இன்செக்டும்' என்றார்கள். 'செக்ட்' லத்தீனில் வெட்டு. அதே வெட்டுதான் 144-வது 'செக்ஷன்', சட்டத்தில் ஒரு கூறு.

## வடமொழி வழியே ஏற்கெனவே தெரிந்தவை

தமிழ் திராவிட மொழி. லத்தீனுக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆனால் தமிழில் புழங்கும் வடசொற்கள் பல, லத்தீன் கிரேக்கச் சொற்களுக்குச் சகோதரர்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள இது நல்ல கைப்பிடி.

யானையின் தந்தமும் டென்டல் கிளினிக்கும் ஒரே வேர், பல். பாதமும் பெடலும் ஒன்று. நாமமும் 'நாமினி'யும் ஒன்று. சப்தஸ்வரத்தில் ஏழைக் குறிக்கும் 'சப்த' செப்டம்பரில் இருக்கிறது. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அது ஏழாவது மாதம். வண்டிச் சாவியைத் திருப்பும் 'இக்னிஷன்', அக்னி. பிள்ளையாரின் மூஷிகத்துக்கு லத்தீன் உறவு 'மூஸ்'. புஜத்தை மடக்கும்போது தோலுக்கு அடியில் சுண்டெலி ஓடுவதுபோல் தெரிவதால் தசைக்கு 'மஸ்குலுஸ்', சுண்டெலி என்று பெயர். அதுவே மசில்.

## ஏமாறும் இடங்கள்

வேரைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினால் வழுக்கும். முக்கியமான வழுக்கல்கள் இவை.

1. ஹைப்பர், ஹைப்போ. ஹைப்பர் மேலே, அதிகம். ஹைப்போ கீழே, குறைவு. ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை கூடியது, ஹைப்போகிளைசீமியா குறைந்தது. போனில் கேட்கும்போது கடைசி ஓசை நழுவினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஒன்றில் சர்க்கரை கொடுக்க வேண்டும், மற்றதில் கொடுக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் "கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று தமிழிலேயே கேட்டுவிடுவது பாதுகாப்பு.

2. இன்ஃப்ளேமபிள். மணலி பக்கம் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் இந்தச் சொல் எழுதியிருக்கும். 'இன்' என்றால் இல்லை, ஆகவே தீப்பிடிக்காது என்று எண்ணினால் ஆபத்து. லத்தீனில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று இல்லை, இன்னொன்று உள்ளே. இங்கே இருப்பது இரண்டாவது. உள்ளே தீ பற்றக்கூடியது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இப்போது 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுவது பரவியிருக்கிறது.

3. ஆன்டி. கர்ப்பிணிகளுக்கான 'ஆன்டிநேட்டல்' பரிசோதனையில் 'எதிர்ப்பு' எதுவும் இல்லை. லத்தீன் 'ஆன்டே' என்றால் முன். நேட்டல் பிறப்பு. பேறுக்கு முன். காலை நேரத்துக்குப் போடும் ஏ.எம். என்பதில் இருப்பதும் இந்த ஆன்டேதான், நண்பகலுக்கு முன். எதிர்ப்பைச் சொல்லும் 'ஆன்டி' கிரேக்கம், ஆன்டிபயாட்டிக்கில் வருவது.

4. பீட், பெட். பெடஸ்ட்ரியனில் உள்ளது கால். பீடியாட்ரிக்ஸில் உள்ளது கிரேக்கக் 'குழந்தை'. ஆர்த்தோபீடிக்ஸ் எலும்பு மருத்துவம் என்பதால் அதில் கால் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1741-ல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா அந்திரி அந்தச் சொல்லைச் செய்தபோது நினைத்தது குழந்தைகளின் வளைந்த உடலை நேராக்குவதை. ஆர்த்தோ நேர், பீடி குழந்தை.

5. ஹோமோ. ஹோமோ சேப்பியன்ஸில் லத்தீன் 'மனிதன்'. ஹோமோஜீனியஸில் கிரேக்க 'ஒரே'.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. வேர் சொல்வது, பெயர் வைத்தவர் அன்று நம்பியது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'மலேரியா' இத்தாலியில் கெட்ட காற்று. கொசுவுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-ல்தான். 'ஆக்சிஜன்' என்றால் அமிலம் உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று பெயர் வைத்த பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நினைத்தார், அது தவறானது. வெட்ட முடியாதது என்று பெயர் வாங்கிய அணுவையும் பிளந்துவிட்டார்கள். கோலே என்ற பித்தத்தோடு கருப்பு சேர்ந்தால் 'மெலன்கோலி', தீராத மனச்சோர்வு. உடம்பில் கரும்பித்தம் கூடினால் அது வரும் என்பது கிரேக்க மருத்துவம். நம் சித்த மருத்துவத்திலும் பித்தம் தலைக்கேறினால் 'பித்து'. இரண்டு ஊரிலும் பித்தத்தின் மேலேயே பழி போட்டிருக்கிறார்கள் என்பது வியப்பாக இருக்கிறது.

## படிக்கும் முறை

பட்டியலை எடுத்து 'அ' முதல் மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. ஒரு வாரத்தில் மறந்துவிடும். எதிரே வரும் சொல்லைப் பிரித்துப் பழகுவதே நிற்கும்.

1. விகுதியிலிருந்து தொடங்குங்கள். நோயா, ஆபரேஷனா, படமா, படிப்பா என்பது கடைசித் துண்டில் தெரிந்துவிடும்.
2. பிறகு முன்னொட்டு. கூடுதலா, குறைவா, இல்லையா, உள்ளேயா என்பதை அது சொல்லும்.
3. நடுவில் மிஞ்சுவது வேர். அதே வேர் உள்ள தெரிந்த சொல் ஒன்றை நினைத்துப் பாருங்கள்.
4. தமிழ்க் கலைச்சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள்.
5. கடைசியில் அகராதியில் சரிபாருங்கள். நல்ல ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பிறப்பு ஒரு வரியில் இருக்கும். ஊகித்த பிறகுதான் பார்க்க வேண்டும், முன்னாலேயே பார்த்தால் மனதில் தங்காது.

இ.இ.ஜி. என்று சுருக்கிச் சொல்லும் 'எலக்ட்ரோஎன்செஃபலோகிராம்' மீது இதைச் செய்து பார்க்கலாம். கடைசியில் 'கிராம்', எழுதி வந்தது, பதிவு. முன்னால் 'எலக்ட்ரோ', மின்சாரம். நடுவில் 'என்', உள்ளே, 'செஃபல்', தலை. இரண்டு 'ஓ'வும் சாரியை. தலைக்குள் இருப்பதன் மின்பதிவு. கணவாய் மீனைப் பற்றிப் படித்த அதே பாடம் இங்கே வேலை செய்கிறது.

சில சொற்களில் இந்த முறை எடுபடாது. பார்க்கின்சன் நோய் ஒரு மருத்துவரின் பெயர். எய்ட்ஸ் முதலெழுத்துச் சுருக்கம். 'சிக்குன்குன்யா'வை எவ்வளவு பிரித்தாலும் லத்தீனும் வராது, கிரேக்கமும் வராது. தான்சானியாப் பக்கத்து மகோண்டே மொழிச் சொல் அது. மூட்டுவலி தாங்காமல் வளைந்து போவதைக் குறிக்கிறது. 1952-ல் அங்கே அந்தக் காய்ச்சல் பரவியபோது, நோயில் கிடந்தவர்களின் சொல்லையே மருத்துவ உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது.